பாரிஸில் இறங்கியது வெள்ளிக்கிழமை: நவிகோ அட்டையோடு பட்ட பாடு

வெள்ளிக்கிழமை பாரிஸில் இறங்குகிறவர்கள் அன்றைக்கே வாரப் பாஸ் வாங்கிவிடாதீர்கள். வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை, அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். நவிகோ என்பது பாரிஸ் மெட்ரோ, பஸ், ரயிலுக்கான பயண அட்டை. அதில் ஏற்றும் வாரப் பாஸ் வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் கணக்கு இல்லை. திங்கள் காலையில் தொடங்கி ஞாயிறு இரவு முடியும். நடப்பு வாரத்துக்கான பாஸை வியாழன் வரைதான் தருவார்கள். வெள்ளி முதல் கேட்டால் அடுத்த திங்களுக்கானதுதான் அட்டையில் ஏறும்.

கவுண்டரில் இருந்தவர் இதில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கையில் பெட்டியோடு, விமானம் விட்டு இறங்கிய முகத்தோடு நின்று கேட்டோம். அட்டையைத் தந்தார், பணத்தை வாங்கிக்கொண்டார். கேட்டில் வைத்தால் சிவப்பு விளக்கு. திரும்பவும் அதே வரிசையில் நாற்பது நிமிடம் நின்று போனால், "திங்கள்" என்று ஒரே பதில். பாஸ் ஏறிய அட்டையில் ஒற்றை டிக்கெட் ஏற்ற முடியாது என்பதால் ஆளுக்கு இன்னொரு அட்டை, விமான நிலைய டிக்கெட் என்று மறுபடியும் பணம். அடுத்த திங்களிலிருந்து பாஸ் உழைத்தது என்பது உண்மைதான். ஆனால் முதல் மூன்று நாளும் தனிச் செலவு.

கீழே சொல்லும் கட்டணங்கள் எல்லாம் 2025-க்கு உரியவை. ஜனவரியில் கட்டணத்தை உயர்த்துவது வழக்கம், புறப்படும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய பயணக் குறிப்புகளை நம்பிப் போனால் இன்னும் குழப்பம். பத்து டிக்கெட் சேர்த்து வாங்கினால் சலுகை, வெர்சாய் போக மண்டலம் பார்த்துத் தனி டிக்கெட் என்பதெல்லாம் 2025 ஜனவரி 1-ஆம் தேதியோடு போய்விட்டது. இப்போது மெட்ரோ, ஆர்.இ.ஆர். (நகரையும் புறநகரையும் இணைக்கும் வேக ரயில்), புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட், 2025-இல் 2.50 யூரோ. பஸ், டிராமுக்கு 2 யூரோ. விமான நிலையத்துக்குப் போக, அங்கிருந்து வர 13 யூரோ. டிஸ்னிலாந்து இருக்கும் மார்ன்-லா-வாலே வரைக்கும் அதே 2.50 தான். வெர்சாய்க்கும் அப்படியே. இந்த மாற்றத்தில் சுற்றுலா வருகிறவர்களுக்கு நல்லது என்றால் இதுதான்.

மெட்ரோ டிக்கெட் முதல் கேட்டிலிருந்து இரண்டு மணி நேரம் செல்லும், மெட்ரோவும் ஆர்.இ.ஆரும் மாறிக்கொள்ளலாம். மெட்ரோவிலிருந்து பஸ்ஸுக்கு மாறினால் செல்லாது, அதற்கு வேறு டிக்கெட்.

லண்டன் போய் வந்தவர்கள் வங்கி அட்டையைக் கேட்டில் தட்டிவிட்டுப் போகலாம் என்று நினைப்பார்கள். பாரிஸ் மெட்ரோ கேட்டில் அது வேலை செய்யாது. நவிகோ ஈஸி என்ற 2 யூரோ அட்டை வேண்டும். பெயர், போட்டோ எதுவும் தேவையில்லை, பத்து வருடம் செல்லும். ஆளுக்கு ஒன்று கட்டாயம். ஒரே அட்டையில் பத்து டிக்கெட் ஏற்றி, கணவன் உள்ளே போய் மனைவிக்கு நீட்டுவது நடக்காது. நான்கு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு டிக்கெட் வேண்டாம், நான்கிலிருந்து பத்து வயது நிறையும் வரை அரை டிக்கெட்.

ஈஸி அட்டையில் இன்னொரு பொறி இருக்கிறது. 2.50 டிக்கெட் மிச்சம் இருக்கும் அட்டையில் 13 யூரோ விமான நிலைய டிக்கெட்டை ஏற்ற முடியாது. கடைசி நாளில் இரண்டு டிக்கெட் பாக்கி இருக்கும்போதுதான் இது தெரியவரும். இயந்திரம் மறுத்துவிடும், காரணமும் புரியாது. ஒன்று, மெட்ரோ டிக்கெட்டை அளவாக ஏற்றித் தீர்த்துவிடுங்கள். இல்லையென்றால் 2 யூரோ போனால் போகிறது என்று இன்னொரு அட்டை வாங்குங்கள். 2.50 டிக்கெட்டிலேயே விமான நிலையம் வரை போய்விடலாம் என்று மட்டும் முயற்சி செய்யாதீர்கள். வெளியேறும் கேட் திறக்காது, அபராதம் கட்ட வேண்டிவரும்.

சரி, எப்போது வாரப் பாஸ் லாபம்? 31.60 யூரோ. போட்டோ ஒட்டும் நவிகோ தெகூவெர்த் அட்டைக்கு 5. மொத்தம் 36.60. இதில் சார்ல் து கோல், ஓர்லி இரண்டு விமான நிலையங்களும் அடக்கம் (ஓர்லிக்குப் போகும் ஓர்லிவால் என்ற சிறு ரயில் மட்டும் சேராது). தனித்தனியாக வாங்கினால் போக வர 26, ஈஸி அட்டை 2, ஆக 28. அதற்கு மேல் நான்கு தடவை மெட்ரோ ஏறினாலே பாஸ் மலிவு. ஆனால் வரவும் போகவும் ஒரே திங்கள்-ஞாயிறுக்குள் விழ வேண்டும். புதன் வந்து அடுத்த செவ்வாய் கிளம்புகிறவர்களுக்கு இந்தக் கணக்கு உதவாது. 12 யூரோ நாள் பாஸும் இருக்கிறது. அதில் விமான நிலையம் சேர்த்தி இல்லை, ஒரே நாளில் ஐந்து தடவை ஏறினால்தான் கட்டுப்படியாகும்.

தெகூவெர்த் அட்டைக்குப் போட்டோ 25×30 மில்லிமீட்டர். ஷெங்கன் விசாவுக்கு எடுத்ததில் மிச்சம் இருக்கிறதே என்று அதை நம்பிப் போகாதீர்கள். அது 35×45, அதில் முகமே 32 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். வெட்டினால் நெற்றி போகும், இல்லையென்றால் தாடை போகும். ஊரிலேயே ஸ்டூடியோவில் 25×30 அளவு சொல்லி நாலு போட்டோ எடுத்துப் பெட்டியில் வையுங்கள். வாங்கிய உடனே போட்டோவை ஒட்டி, பெயரைக் கையால் எழுதிவிடுங்கள். பாஸ் செல்லுபடியாக இருந்தாலும் போட்டோ இல்லாத அட்டைக்குப் பரிசோதகர் அபராதம் போடுவார். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை, வாரப் பாஸை வாலட்டிலேயே வாங்கலாம். ஆனால் ஒரு போனுக்கு ஒரு ஆள்தான், பேட்டரியும் தீரக் கூடாது.

இந்திய அட்டையில் பணம் கட்டுகிறவர்கள் சர்வதேசப் பயன்பாட்டை ஊரிலேயே திறந்துவிட்டுக் கிளம்புங்கள். ஓ.டி.பி. வரும் சிம்மில் ரோமிங்கும் இருக்கட்டும். எல்லா டிக்கெட் இயந்திரமும் நோட்டை வாங்காது, சிலது சில்லறையும் அட்டையும் மட்டுமே. இயந்திரத்தின் பக்கத்தில் நின்று "நான் உதவட்டுமா" என்று வருகிறவரிடம் பணம் தராதீர்கள். பெரியவருக்கு அரை டிக்கெட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு முழுக் காசையும் வாங்கிக்கொண்டு போகிற கூட்டம் அது. பரிசோதகரிடம் மாட்டுவது நீங்கள்தான்.

நான்கு பேர் குடும்பமாக சார்ல் து கோலில் இறங்கினால் ரயிலுக்கு 52 யூரோ. டாக்ஸிக்கு நிர்ணயக் கட்டணம், செய்ன் ஆற்றின் வலக்கரைக்கு 56, இடக்கரைக்கு 65. பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மெட்ரோ படிக்கட்டு ஏறி இறங்குவதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து. பழைய மெட்ரோ பாதைகளில் பெரும்பாலான நிலையங்களில் லிஃப்டே கிடையாது. டாக்ஸி வரிசை வெளியே இருக்கிறது, வருகைக் கூடத்துக்குள்ளே வந்து "டாக்ஸி, டாக்ஸி" என்று கூப்பிடுகிறவர்களோடு போகாதீர்கள். ஓர்லிக்கு 2024 ஜூனிலிருந்து 14-ஆம் எண் மெட்ரோ நேராகவே போகிறது, அதில் எல்லா நிலையங்களிலும் லிஃப்ட் உண்டு, அங்கே டாக்ஸி தேடவே வேண்டாம்.

சார்ல் து கோலிலிருந்து ஆர்.இ.ஆர். பி ரயிலில் வந்தால் கார் து நோர் நிலையத்தில் இறங்கி, சுரங்க நடைவழியிலேயே லா ஷாப்பல் மெட்ரோ நிலையத்துக்குப் போய்விடலாம். ஈழத் தமிழர்கள் லாசப்பல் என்று சொல்லும் இடம். களைத்து இறங்கியிருக்கும்போது தமிழில் வழி கேட்கலாம், இட்லி, தோசையும் கிடைக்கும்.

திரும்பும் நாளில் ஒரு எச்சரிக்கை. ஆர்.இ.ஆர். பி வடக்கே ஓல்னே நிலையத்தில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று விமான நிலையத்துக்கு, மற்றது மித்ரி-கிளேய்க்கு. நடைமேடையில் கூட்டம் ஏறுகிறதே என்று ஏறிவிடாதீர்கள். பலகையில் ரயிலின் நான்கு எழுத்துப் பெயர் ஓடும், ஆங்கில எழுத்து 'ஈ'-யில் தொடங்கினால் விமான நிலையம், 'ஐ'-யில் தொடங்கினால் மித்ரி. விமான நிலையத்திலும் இரண்டு நிறுத்தங்கள். முதல் நிறுத்தம் டெர்மினல் 1, 3-க்கு, கடைசி நிறுத்தம் டெர்மினல் 2-க்கு. டெர்மினல் 1-க்கு இறங்கியதும் சி.டி.ஜி. வால் என்ற இலவசச் சிறு ரயிலில் ஏறிப் போக வேண்டும், அதற்கு இன்னும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். வெளியேறும் கேட்டிலும் அட்டையை வைக்க வேண்டும், அதனால் அதைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடாதீர்கள்.