எட்டுப் பட்டைகள், 150 வார்த்தைகள்

என் மாலை வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் நர்ஸுகள். பிரிட்டனில் பதிவு செய்வதற்காக அகாடமிக் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வை எழுதுகிறவர்கள். கேட்பது, படிப்பது, பேசுவது மூன்றிலும் பேண்ட், அதாவது மதிப்பெண், 7 வேண்டும். எழுத்துக்கு மட்டும் 6.5 இருந்தால் போதும். ஆனால் என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது அந்த 6.5-இல்தான். அதிலும் முதல் கேள்வி: ஒரு பார் சார்ட்டையோ அதுபோன்ற வேறொரு படத்தையோ கொடுத்து, 150 வார்த்தைக்குக் குறையாமல் விவரி என்பார்கள். அதற்கு 20 நிமிடம்.

பயிற்சிக்காக நான் போர்டில் அடிக்கடி வரைவது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எழுத்தறிவு விகிதம். நான்கு மாநிலங்கள், ஒவ்வொன்றுக்கும் ஆண், பெண் என்று இரண்டு பட்டை. தசமத்தை முழு எண்ணாக்கிச் சொன்னால் கேரளா 96, 92. தமிழ்நாடு 87, 73. ராஜஸ்தான் 79, 52. பீகார் 71, 52.

முதல் நாள் எல்லோரும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள். இடமிருந்து வலமாக எட்டு எண்களையும் ஒப்பித்துவிடுவார்கள். எண் ஒன்றும் தப்பாக இருக்காது, இலக்கணமும் பரவாயில்லை, ஆனால் பேண்ட் 5-ஐத் தாண்டுவது கஷ்டம். முக்கியமானதைத் தேர்ந்தெடு, பொருந்தும் இடத்தில் ஒப்பிடு என்று கேள்வித்தாளிலேயே இருக்கிறது. அந்த வரியை யாரும் படிப்பதில்லை.

"நைட் டூட்டி முடிந்து ஹேண்டோவர் கொடுக்கும்போது சார்ட்டில் இருக்கிற டெம்பரேச்சர் எல்லாவற்றையும் வாசிப்பீர்களா?" என்று கேட்பேன். "இல்ல சார், பத்து மணிக்கு 103 இருந்துச்சு, விடியறதுக்குள்ள நார்மலாயிருச்சுன்னு சொல்லுவோம்" என்பார்கள். சரி, அதையே இங்கேயும் செய்யுங்கள் என்று மறுபடி போர்டைப் பார்க்கச் சொல்வேன்.

அப்புறம்தான் படம் பேச ஆரம்பிக்கும். நான்கு மாநிலங்களிலும் ஆண்கள்தான் மேலே. இடைவெளி கேரளாவில் வெறும் 4 புள்ளி, தமிழ்நாட்டில் 14. மொத்தத்தில் கடைசியில் இருப்பது பீகார், ஆனால் ஆண் பெண் இடைவெளி பெரிதாக இருப்பது அங்கே இல்லை. ராஜஸ்தானில்தான், 27 புள்ளி. பெண்களை மட்டும் பார்த்தால் இந்த இரண்டு மாநிலமும் கிட்டத்தட்ட ஒரே உயரம். வித்தியாசம் முழுக்க ஆண்கள் பக்கம். இதைக் கண்டுபிடிக்கிறவர் வாரத்துக்கு ஒருவராவது இருப்பார். அன்றைக்கு வகுப்பு எடுக்க எனக்கே உற்சாகமாக இருக்கும்.

இன்னொரு தொல்லை, மனப்பாட நோட்ஸ். 'கூடியது', 'சரிந்தது', 'உச்சத்தைத் தொட்டது' என்பதற்கெல்லாம் ஆங்கிலத்தில் ஒரு பட்டியலை உருப்போட்டு வந்திருப்பார்கள். இந்தப் படத்திலோ ஒரே ஒரு ஆண்டுதான். இருந்தாலும் எழுத்தறிவு கேரளாவிலிருந்து பீகார் வரை 'படிப்படியாகச் சரிந்தது' என்று எழுதுவார்கள், ஏதோ ரயிலில் போகப் போகக் குறைந்த மாதிரி. காலம் ஓடாத படத்தில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அதிகம், குறைவு, இரண்டுக்கும் இடையே இவ்வளவு, அவ்வளவுதான்.

சதவீதத்திலும் கவனம் தேவை. 79-க்கும் 52-க்கும் நடுவே இருப்பது 27 சதவீதப் புள்ளி. '27 சதவீதம் குறைவு' என்று எழுதினால் கணக்கே தப்பு, அது சுமார் 34 சதவீதம் வரும்.

கேரளா ஏன் மேலே இருக்கிறது என்று விளக்க ஆரம்பிக்கிறவர்களைத் தடுப்பதுதான் எனக்கு வருத்தமான வேலை. 1990-இல் எர்ணாகுளம் மாவட்டம், மறு ஆண்டே மாநிலம் முழுவதும் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது என்று ஒருவர் அழகாக எழுதியிருந்தார். எல்லாம் உண்மை. ஆனால் படத்தில் இல்லாத எதற்கும் இங்கே மதிப்பெண் கிடையாது. காரணம், கருத்து எல்லாம் இரண்டாவது கேள்விக்கு. 250 வார்த்தை, 40 நிமிடம், மதிப்பும் இரட்டிப்பு. அதனால் முதல் கேள்வியில் 20 நிமிடத்தைத் தாண்டவே கூடாது.

படத்தின் மொத்தப் போக்கைச் சொல்லும் அந்த ஓரிரு வாக்கியத்தைக் கடைசியில் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். வைக்கலாம், விதி தடுக்கவில்லை. ஆனால் நான் அறிமுக வரிக்கு அடுத்ததாகவே எழுத வைக்கிறேன். நேரம் போதாமல் விட்டுப்போவது எப்போதும் கடைசிப் பத்திதான். விட்டுப்போனால் ராஜஸ்தானின் ஏதாவது ஒரு எண் போகட்டும்.