வேகத்தடை வேண்டும், உங்கள் வீட்டு வாசலில்

மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கு வழி சொல்வதே பெரும்பாடாக இருந்த காலம் ஒன்று உண்டு. டெலிவரி தம்பிகள் இரண்டு முறையாவது போன் செய்யாமல் வந்து சேர மாட்டார்கள். மெயின் ரோட்டில் மெட்ரோ ரயில் வேலை ஆரம்பித்ததும் எல்லாம் தலைகீழ். நெரிசலில் இருந்து தப்பிக்க யாரோ ஒரு புண்ணியவான் எங்கள் தெருவுக்குள் புகுந்து அந்தப் பக்கம் வெளியேறியிருக்கிறார். அவர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. ஸ்கூல் வேன், கால் டாக்சி, 12,000 லிட்டர் தண்ணீர் லாரி, ஒரே பைக்கில் மூன்று கல்லூரிப் பையன்கள் என்று காலை எட்டு மணிக்கு வாசல் பக்கம் தலைகாட்ட முடியவில்லை.

எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தோம். ஒரு நாள் மாடி வீட்டு மாமியின் காய்கறிப் பையை ஒரு பைக் உரசிக்கொண்டு போனது. மாமிக்கு ஒன்றும் ஆகவில்லை. தக்காளி மட்டும் தெரு முழுக்க உருண்டது. அன்று தக்காளி என்ன விலை என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் தெருவே கொதித்துவிட்டது. "இன்னிக்கு தக்காளி, நாளைக்கு மனுஷன்" என்று எதிர் வீட்டு சார் வாட்ஸ்அப் குழுவில் போட, அவசரப் பொதுக்குழு கூட்டுவது என்று முடிவானது.

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மடிப்பாக்கம் ஊராட்சியாக இருந்த காலத்துச் சங்கம் அது. 2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரில் இருந்து 426 ஆக விரிந்தபோது நாங்களும் சென்னைக்காரர்கள் ஆனோம். சங்கம் மட்டும் லெட்டர்பேடைக்கூட மாற்றவில்லை, பழையது தீரட்டும் என்று காத்திருக்கிறது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்படி ஒரு சங்கம் தொடங்க ஏழு பேர் இருந்தால் போதும். எங்கள் சங்கத்தின் மாதக் கூட்டத்துக்கு வருகிறவர்களும் அந்த ஏழு பேர்தான். தலைவர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். செயலாளர், ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. பொருளாளர் மாமி மட்டும் எதிலிருந்தும் ஓய்வு பெறாதவர். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் அவரைப் பார்த்தால் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போவார்கள். நான் இணைச் செயலாளர். ஒரு கூட்டத்தில் "மினிட்ஸ் யார் எழுதுறாங்க?" என்று கேட்டேன், அவ்வளவுதான். கேட்டவரே எழுதட்டும் என்று நோட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

வேகத்தடைக் கூட்டத்துக்கு அடுக்குமாடிக் கார் பார்க்கிங் நிரம்பி வழிந்தது. நாற்காலி போதாமல் பாதிப் பேர் பைக் மேல் உட்கார்ந்திருந்தார்கள். போண்டாவும் போதவில்லை. தெருவுக்கு வேகத்தடை வேண்டும் என்று தலைவர் தீர்மானத்தை முன்மொழிந்தார். ஒரு எதிர்ப்புக் குரல் இல்லை. சங்க வரலாற்றில் விவாதமே இல்லாமல் நிறைவேறிய முதல் தீர்மானம் என்று செயலாளர் நெகிழ்ந்துபோனார். நானும் "ஏகமனதாக" என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

அப்போதுதான் கடைசி வரிசையில் இருந்து ஒரு பையன் கேட்டான்: "அங்கிள், எங்க போடப் போறோம்?"

கொஞ்ச நேரம் யாரும் வாயைத் திறக்கவில்லை.

தெருவின் நடுப்பகுதிதான் பொருத்தமான இடம் என்றார் செயலாளர். நடுப்பகுதியில் வீடு கட்டியிருப்பவர் எழுந்தார். வாசலுக்கு நேரே மேடு இருந்தால் வாஸ்துப்படி வீட்டுத் தலைவருக்கு ஆகாது என்றார். வீட்டுத் தலைவர் அவர்தான். சரி, இரண்டு வீடு தள்ளி? அந்த வீட்டில் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், ஆட்டோ தூக்கிப்போடும். எதிர்ப் பக்கம்? ஒவ்வொரு வண்டியும் 'தடக்'கென்று ஏறி இறங்கும்போதெல்லாம் அவர்கள் வீட்டு நாய் குரைக்கும், நாய் குரைத்தால் மாமனார் எழுந்துகொள்வார், மாமனார் எழுந்தால் யாரும் தூங்க முடியாது. நாயைப் பற்றிய ஆட்சேபம் என்று ஆரம்பித்து மாமனாரைப் பற்றிய ஆட்சேபமாக முடிந்தது. மினிட்ஸில் நான் நாயை மட்டும் எழுதிக்கொண்டேன்.

தெருவின் பள்ளமான பகுதியில் இருக்கும் வீட்டுக்காரர் சொன்னதுதான் உருப்படியான காரணம். வேகத்தடை மழைத்தண்ணீருக்கும் தடைதான், மேட்டில் முட்டி நிற்கும் தண்ணீர் நேராக அவர் வீட்டுக்குள் வரும் என்றார். 2015 வெள்ளத்தில் ஃபிரிட்ஜைக் கட்டில் மேல் ஏற்றிவைத்தவர் அவர். மடிப்பாக்கத்தில் தண்ணீரைப் பற்றி யாராவது பேசினால் யாரும் சிரிப்பதில்லை.

கடைசியில் காலி மனைக்கு முன்னால் போடலாம் என்று யாரோ சொன்னதும் கூட்டத்துக்கே உயிர் வந்தது. மனையின் சொந்தக்காரர் நியூ ஜெர்சியில் இருக்கிறார், இங்கே வந்து சண்டை போட முடியாது. ஆனால் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார். அங்கே அப்போது காலை நேரம். உடனே பதில் வந்தது: "ஆட்சேபம் இல்லை. ஆனால் வேகத்தடை இருந்தால் மனை விலை ஏறுமா, இறங்குமா?" அதன் மேல் முக்கால் மணி நேரம் விவாதம் நடந்தது. சென்னையில் மனை விலை பற்றிப் பேச்சு வந்துவிட்டால் வேகத்தடை எல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

இடத்தை அதிகாரிகளே முடிவு செய்யட்டும் என்று மனு எழுதினோம். மனுவைத் தலைவர் எழுதினார். முதல் பக்கம் முழுக்க வணக்கமே இருந்தது. வேகத்தடை என்ற சொல் இரண்டாம் பக்கத்தின் கடைசியில்தான் வந்தது. அதைச் சுருக்கச் சொல்லும் தைரியம் பொருளாளர் மாமிக்குத்தான் இருந்தது. கையெழுத்து வாங்க நான் வீடு வீடாகப் போனேன். கையெழுத்து கிடைப்பதற்கு முன் ஒவ்வொரு வீட்டிலும் காபி கிடைத்தது. வாஸ்து சார் மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டு, உள்ளே போய் இன்னொரு தாளோடு வந்தார். 'எங்கள் வீட்டு வாசலில் வேகத்தடை அமைக்கக் கூடாது' என்று அவரே எழுதிய மனு. "இதையும் சேர்த்துக் கொடுத்துடுங்கம்மா, ஒரே அலைச்சலா முடிஞ்சிடும்" என்றார். அன்று சாயங்காலத்துக்குள் அதே போல் நான்கைந்து மனுக்கள் சேர்ந்துவிட்டன. வேண்டும் என்ற மனுவிலும் வேண்டாம் என்ற மனுவிலும் அதே கையெழுத்துகள்.

எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்து மாநகராட்சிப் பொறியாளரிடம் கொடுத்தோம். அவர் நல்ல மனிதர். படித்துவிட்டுச் சிரிக்காமல் இருந்தார். மறு வாரமே டேப்போடு நேரில் வந்துவிட்டார்.

அவரைச் சுற்றிப் பெரிய கூட்டம். "நல்லா உயரமா, அரை அடிக்கு மேல போடுங்க சார், அப்பத்தான் பயப்படுவான்" என்றார் எதிர் வீட்டு சார். "அது வேகத்தடை இல்லைங்க, சுவரு" என்றார் பொறியாளர். இதற்கெல்லாம் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வகுத்த அளவு இருக்கிறது என்றார். காங்கிரஸ் என்றதும் இரண்டு பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அது கட்சி இல்லை, சாலைப் பொறியாளர்களின் அமைப்பு என்று அவர்களை அமைதிப்படுத்த வேண்டியிருந்தது. உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். மெதுவாக ஏறி மெதுவாக இறங்க வேண்டும். சுமார் 25 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவனுக்கு ஒன்றும் தெரியக் கூடாது, அதற்கு மேல் வருகிறவனுக்குத்தான் உறைக்க வேண்டும். தெருக்காரர்களே சிமென்ட் கொட்டிக் கட்டிக்கொள்ளும் குட்டி மேடுகளால்தான் பைக்கில் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்கள் விழுகிறார்கள் என்றார். அதுவரை சிமென்ட் மூட்டை விலையை விசாரித்துக்கொண்டிருந்த அடுக்குமாடிப் பையன்கள் மெல்ல நழுவினார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். "இரண்டு பக்கமும் 40 மீட்டர் முன்னாடியே எச்சரிக்கைப் பலகை வைக்கணும்" என்று சேர்த்துச் சொல்லிவிட்டார். இதுவரை வேகத்தடை யார் வாசலில் என்பதுதான் சண்டை. இப்போது பலகை யார் வாசலில் என்று இன்னும் இரண்டு சண்டை.

காலி மனை யோசனையை அவர் ஒரே பார்வையில் தள்ளிவிட்டார். அது வளைவுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அங்கே வண்டிகள் தானாகவே மெதுவாகத்தான் போகும். தெருவின் நடுவில் நின்று இப்படியும் அப்படியும் பார்த்தார். உடன் வந்தவர் ரோட்டில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தார். ஒப்புதல் வந்ததும் இங்கே போடலாம் என்றார்கள். கோடு வாஸ்து சார் வீட்டு வாசலுக்குச் சரியாக நேரே இருந்தது.

மறுநாள் காலையில் கோட்டைக் காணவில்லை. வாஸ்து சார் வீட்டு வாசல் பளிச்சென்று கழுவியிருந்தது. அந்த வீட்டில் அவ்வளவு பெரிய கோலத்தை நாங்கள் பொங்கலுக்குக்கூடப் பார்த்ததில்லை. கோடு நான்கு வீடு தள்ளி, நாய் வீட்டு வாசலில் இருந்தது. அடுத்த நாள் பிரசவத்துக்கு மகள் வந்திருந்த வீட்டுக்குப் போய்விட்டது. குழந்தை பிறந்த வீட்டில் பாவம் என்று நினைத்தார்களோ என்னவோ, அங்கிருந்து தலைவர் வீட்டுக்கு. யார் இழுக்கிறார்கள், யார் அழிக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. தெருவில் சிசிடிவி இருக்கிறது. ஆனால் பதிவை எடுத்துப் பார்க்கலாம் என்று நான் சொன்னபோது கமிட்டியில் ஒருவரும் ஆமோதிக்கவில்லை. செயலாளர் உட்பட.

இதற்கு நடுவில் வாஸ்து சார் தன் வீட்டுக்குப் புதிய தண்ணீர்க் குழாய் இணைப்பு எடுத்தார். முறையாக விண்ணப்பித்து, பணம் கட்டி, ரோட்டைக் குறுக்கே வெட்டி, எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தார். மூட வந்த மேஸ்திரி, மழை பெய்தால் மண் அமுங்கிவிடும் என்று கொஞ்சம் தூக்கலாகவே மூடிவிட்டுப் போனார். மழை பெய்யவில்லை. தண்ணீர் லாரிகள் ஏறி ஏறி அந்த மண் கெட்டிப்பட்டு, பக்குவமான மேடாகிவிட்டது. மெயின் ரோட்டில் இருந்து பறந்து வரும் பைக்குகள் அங்கே வந்ததும் அடங்கி ஒடுங்கிப் போக ஆரம்பித்தன. பிள்ளைகள் தெருவில் மறுபடி சைக்கிள் விட ஆரம்பித்தார்கள். மாடி வீட்டு மாமி தக்காளி வாங்கப் போனார்.

பொறியாளர் சொன்ன அளவெல்லாம் அந்த மேட்டுக்குக் கிடையாது என்பது எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. மேடு எங்கே இருந்தது என்று யாரும் வாய்விட்டுப் பேசிக்கொள்ளவும் இல்லை. வாஸ்து சார் மட்டும் கேட்டுக்குள் நின்று, ஒவ்வொரு 'தடக்'குக்கும் தன் உடம்பை ஒருமுறை சரிபார்த்துக்கொள்கிற மாதிரி எனக்குப் பட்டது.

போன வாரம் அடுக்குமாடிக்குப் புதிதாகக் குடிவந்த பெண் குழுவில் ஒரு போட்டோ போட்டார். மேட்டின் போட்டோ. "ஹாய் ஆல், நம் தெருவில் ரோடு ரொம்ப மோசமாக இருக்கிறது. மாநகராட்சியின் 1913 என்ற நம்பருக்குப் போன் செய்து புகார் கொடுத்துவிட்டேன். சீக்கிரம் சமன் செய்துவிடுவதாகச் சொன்னார்கள்" என்று எழுதி, கைகூப்பும் படம் வேறு. முன்பெல்லாம் இப்படி ஒரு பொறுப்பான ஆள் கிடைத்தால் பொருளாளர் மாமி ஓடிப்போய் உறுப்பினர் படிவம் கொடுப்பார். இந்த முறை எல்லோரும் வரிசையாக அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தார்கள். "புகாரை வாபஸ் வாங்குறதுக்கும் அதே நம்பர்தானா?" என்று அவர் என்னிடம் கேட்டார். குரலில் கொஞ்சம் நடுக்கம் இருந்தது.

சாயங்காலம் செயலாளருக்குப் பொறியாளரே போன் செய்துவிட்டார். "சார், உங்க தெருவுல மேடு இருக்குன்னு புகார் வந்திருக்கு. மேடு வேணும்னு உங்க மனுவும் இருக்கு, மேடு வேண்டாம்னு உங்க மனுவும் இருக்கு. நான் எதை எடுக்கட்டும்?"

ஒரு வாரம் டைம் கொடுங்கள், பொதுக்குழுவைக் கூட்டிச் சொல்கிறோம் என்றிருக்கிறார் செயலாளர். ஞாயிற்றுக்கிழமை கூட்டம், போண்டா இந்த முறை நூறு. அறிவிப்பை நான் குழுவில் போட்ட ஐந்தாவது நிமிடம் நியூ ஜெர்சியில் இருந்து பதில் வந்தது: "மேடு என் மனையில் இருந்து எத்தனை அடி?"