அப்பத்தாவின் விரலும் அறையின் இரைச்சலும்

ஜூன் 3, செவ்வாய்

காலேஜ் புராஜெக்ட்டுக்கு இதயத்துடிப்பு சென்சார் எடுத்திருக்கிறேன். ஓர் அகச்சிவப்பு எல்இடி, பக்கத்திலேயே வெளிச்சத்தை வாங்கும் டிரான்சிஸ்டர். மேலே விரலை வைத்தால், துடிப்புக்குத் துடிப்பு விரலில் ரத்தம் கூடிக் குறைவதற்கேற்ப திரும்பி வரும் வெளிச்சம் மாறும். மாற்றம் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான்.

சிக்னலைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் ஸ்கோப்பில் (ஆசிலோஸ்கோப்) துடிப்பையே காணோம், தடித்த பட்டை ஒன்றுதான் நெளிந்தது. அளந்து பார்த்தால் 100 ஹெர்ட்ஸ். அண்ணாந்து பார்த்தேன்: சோக்கு போட்ட பழைய டியூப் லைட்! 50 ஹெர்ட்ஸ் கரண்டில் அது நொடிக்கு 100 தடவை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது, சென்சாருக்குத் தெரியும்.

ஜூன் 5, வியாழன்

இந்த இரைச்சலை வடிகட்டும் ஃபில்டருக்கு டவுன்ஹால் ரோட்டில் பார்ட்ஸ் வாங்கினேன். ஒரு மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் (மின்தேக்கி) கேட்டதும் கடைக்காரர் எலக்ட்ரோலிட்டிக் வகையை எடுத்தார். "அது வேண்டாம்ணே, பாலியெஸ்டர் குடுங்க" என்றேன். எலக்ட்ரோலிட்டிக்கில் கொஞ்சம் மின்கசிவு உண்டு. 330 கிலோ ஓம் ரெசிஸ்டருடன் (மின்தடை) சேரும்போது அந்தக் கசிவே ஸ்கோப் கோட்டை நகர்த்திவிடும்.

அந்த ஜோடி 0.48 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை, அதாவது விரல் அசைவையும் மூச்சின் ஏற்ற இறக்கத்தையும், தடுக்கும். அடுத்து சிக்னலைப் பெருக்கும் சிப், எம்சிபி 6002 ஆப்-ஆம்ப், நூறு மடங்கு பெருக்கம். அதன் ஃபீட்பேக்கில், அதாவது வெளியீட்டைத் திரும்ப உள்ளே கொடுக்கும் வழியில், 680 கிலோ ஓமும் 100 நானோஃபாரடும்: 2.34 ஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டும். இதே மாதிரி இரண்டு நிலை. ராத்திரி பதினோரு மணிக்கு முதல் துடிப்பு தெரிந்தது. தூக்கமே வரவில்லை.

ஜூன் 6, வெள்ளி

மாடிப்படியில் நாலு தடவை ஏறி இறங்கிவிட்டு விரலை வைத்தேன். அலை குன்றிப்போய்விட்டது. தப்பு என்னுடையதுதான். 2.34 ஹெர்ட்ஸ் என்றால் நிமிடத்துக்கு 140. இதயம் வேகமெடுத்தால் இரைச்சலோடு துடிப்பையும் சேர்த்து வெட்டுகிறேன்! 100 நானோஃபாரடைக் கழற்றி 47 போட்டேன், வெட்டு 4.98 ஹெர்ட்ஸுக்குப் போனது. இப்போது 100 ஹெர்ட்ஸ் ஒரு நிலையில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காகும், இரண்டில் நானூறில் ஒரு பங்கு. போதும். ரொம்ப சுத்தமான கோட்டுக்கு ஆசைப்பட்டு வேகமான துடிப்பை இழப்பது சரியில்லை.

ஜூன் 8, ஞாயிறு

அப்பத்தா வாசலில் மல்லி கட்டிக்கொண்டிருந்தது. "விரலைக் குடு அப்பத்தா" என்றேன். நாரை இழுத்து இழுத்துக் காய்த்துப்போன ஆள்காட்டி விரல். பூவுக்குத் தெளித்த தண்ணியில் ஜில்லென்று இருந்தது. ஸ்கோப்பில் மெல்லிய நடுக்கம் மட்டும். விரல் குளிர்ந்தால் ரத்தக்குழாய்கள் சுருங்கும், துடிப்பும் மங்கும். இதை எந்த ஃபில்டரும் சரிசெய்யாது.

"என்னத்தா, உசுரு இருக்கா இல்லையா?" என்று சிரித்தது. சூடான காபி டம்ளரைக் கையில் கொடுத்து உட்கார வைத்தேன். ஐந்து நிமிடம் கழித்து அலை மூன்று மடங்கு உயர்ந்தது.

ஜூன் 10, செவ்வாய்

காலையிலிருந்து தெருவில் கரண்ட் கட். பவர் பேங்கில் சர்க்யூட்டை ஓட்டினேன். ஸ்கோப்பும் பேட்டரியில்தான். கோடு அவ்வளவு மென்மை! இத்தனை நாளும் கோட்டில் மிச்சமிருந்த சிறு நெளிவு வீட்டு ஒயரிங்கிலிருந்து வந்த 50 ஹெர்ட்ஸ்தான் என்று இப்போதுதான் உறுதியானது. சென்சார் ஒயரைக் குட்டையாக்கி, முறுக்கி, கறுப்புத் துணியால் விரலை மூடினேன்.

மூன்று மணிக்கு கரண்ட் வந்தது. டியூப் லைட்டைப் போட்டேன். கோடு அசையவில்லை. அப்பத்தாவின் மணிக்கட்டில் நான் எண்ணியது 74, ஸ்கோப்பில் எண்ணியதும் 74.