மோகனத்துக்கு கார்ட் போடும்போது

மோகன ராகத்தில் ஒரு மெட்டு அமைந்ததும், அதற்கு கார்ட் (chord, சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிப்பது) போட பலரும் கீபோர்டில் தேடுவது சி, எஃப், ஜி மேஜர்களைத்தான். கேட்க நன்றாகவே இருக்கும், ஆனால் மோகனம் இருக்காது.

சி-யை சட்ஜமாக வைத்தால் மோகனத்தின் ஸ்வரங்கள் சி, டி, ஈ, ஜி, ஏ (ச, ரி, க, ப, த). ராகத்தில் இல்லாத சுத்த மத்யமத்தை (எஃப்) எஃப் மேஜர் கூட்டி வருகிறது, காகலி நிஷாதத்தை (பி) ஜி மேஜர். இரண்டும் சேர்ந்தால் காதில் விழுவது சங்கராபரண ராகம். இதில் ஜி மேஜர்தான் அதிகம் கெடுக்கும். பாடுபவர் மேல் சட்ஜத்தில் நிற்கும்போது கார்டில் நிஷாதம் ஒலித்தால் இரண்டும் உரசும். பாடுபவர்மேல் ஸ்ருதி சந்தேகம் வந்துவிடும். அந்த இடத்தில் ஜி சஸ்4 (sus4, கார்டின் நடு ஸ்வரத்துக்குப் பதில் நான்காவது ஸ்வரம்) போடுங்கள். ஜி, சி, டி மூன்றுமே மோகனத்துக்குச் சொந்தம்.

ராகத்துக்குள்ளேயே கிடைக்கும் முழுமையான மேஜர், மைனர் கார்ட்கள் இரண்டே: சி மேஜர், ஏ மைனர். மற்றதெல்லாம் சஸ் வகை. அதில் ஒரு பெரிய வசதி உண்டு. வலது கையில் ஜி, ஏ, டி பிடித்து அப்படியே வைத்திருங்கள். இடது கையில் டி போட்டால் அது டி சஸ்4. ஜி போட்டால் ஜி சஸ்2 (நடு ஸ்வரத்துக்குப் பதில் இரண்டாவது). பேஸ் (bass, அடியில் ஒலிக்கும் ஸ்வரம்) மட்டும் நடந்தாலே பாட்டு நகரும். சி, ஏ மைனர்7, டி சஸ்4, ஜி சஸ்4 என்று எட்டு அட்சர ஆதி தாளத்தில் நாலு அட்சரத்துக்கு ஒன்றாகப் போட்டால் இரண்டு ஆவர்த்தனத்தில் (தாளச் சுற்றில்) ஒரு சுற்று முடியும். பல்லவிக்கு இதுவே தாராளம்.

ஏ மைனரில் மட்டும் அதிக நேரம் தங்க வேண்டாம். பேஸ் ஏ-யிலேயே நின்றால் கிரக பேதம் (சட்ஜம் இடம் மாறி வேறு ராகமாவது) நடந்து காது தைவதத்தை சட்ஜமாக எடுத்துக்கொள்ளும். மோகனம் சுத்த தன்யாசி ராகம் ஆகிவிடும். டி-யில் தங்கினால் மத்யமாவதி. தெரிந்தே செய்தால் அழகு. தெரியாமல் நடந்தால் பல்லவிக்குத் திரும்பும்போது சட்ஜம் அந்நியமாகக் கேட்கும். வரியின் தொடக்கத்திலும் முடிவிலும் பேஸில் சி இருந்தால் இந்தச் சிக்கல் வராது.

எஃப் மேஜரை அடியோடு ஒதுக்கச் சொல்லவில்லை. சரணத்துக்கு எடுத்து வையுங்கள். மெட்டு தைவதத்தில் நிற்கட்டும். அடியில் சி-க்குப் பதில் எஃப் வரட்டும். பாடும் ஸ்வரம் மாறாமலே பாட்டின் வெளிச்சம் மாறும். பல்லவி முழுக்க எஃப் ஒலித்திருந்தால் இந்தத் திருப்பத்துக்கு வலு இருக்காது.

இந்தக் கணக்கைத் தோடி ராகத்துக்கு அப்படியே கொண்டுபோக முடியாது. அங்கே காந்தாரம் ஓயாமல் அசையும்; கீபோர்டின் காந்தாரம் ஒரே இடத்தில் நின்று அதோடு மோதும். கார்டிலிருந்து காந்தாரத்தை எடுத்துவிட்டு சட்ஜ பஞ்சமத்தோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.