டியூனர் பெடலுக்கு எந்த இடம்?

கிட்டாரிலிருந்து வரும் கேபிள் முதலில் டியூனரில்தான் நுழைய வேண்டும் என்பது பெடல் போர்டு (காலால் மிதித்து இயக்கும் ஒலிப் பெட்டிகளை வரிசையாக அடுக்கிய பலகை) வைத்திருப்பவர்களிடையே ஏறத்தாழ ஒரு சம்பிரதாயம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் வைத்திருந்தேன், பெரும்பாலான போர்டுகளுக்கு இன்றும் அதையே சொல்வேன். ஆனால் என்னுடைய போர்டில் டியூனர் இப்போது இரண்டாவது இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. நகர்த்தியது ஒரு ஃபஸ் பெடல், அதாவது ஒலியை முரடாகச் சிதைக்கிற பெடல்.

டியூனர் செய்கிற வேலை, தந்தி ஒரு விநாடியில் எத்தனை முறை அதிர்கிறது என்று அளப்பது. தடித்த ஈ தந்தி 82.41 ஹெர்ட்ஸ், அதற்கடுத்த ஏ தந்தி 110 ஹெர்ட்ஸ் என்று அதற்குக் கணக்கு உண்டு. ஓர் அரைச்சுரத்தை நூறாகப் பிரித்து, அந்த நூற்றில் எத்தனை பங்கு விலகியிருக்கிறோம் என்றும் காட்டிவிடும். இதைச் சரியாகச் செய்ய அதற்குத் தந்தியின் ஒலி மட்டும் கலப்பில்லாமல் போய்ச் சேர வேண்டும். டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் வைத்தால் மேற்சுரங்கள் பெருகி வரும். கோரஸுக்குப் பின்னால் வைத்தால் சுருதியே மெல்ல ஊசலாடும். டிலேக்குப் பின்னால் வைத்தால் முன்பு மீட்டிய சுரம் அடுத்த சுரத்தின் மேல் வந்து விழும். எந்தப் பெடலும் குறுக்கே இல்லாதபோதுகூட, பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பில் (தந்தியின் அதிர்வை மின்குறியாக்கும் பகுதி) ஈ தந்தியை அழுத்தி மீட்டினால் திரை சில சமயம் பி என்று காட்டுவதுண்டு. அந்தத் தந்தியின் மூன்றாம் ஹார்மோனிக், அதாவது அடிப்படை அதிர்வின் மும்மடங்கு, ஏறக்குறைய 247 ஹெர்ட்ஸில், அதாவது பி சுரத்தில், ஒலிப்பதுதான் காரணம். நெக் பிக்கப்புக்கு மாறி, டோன் குமிழைக் குறைத்து, மென்மையாக மீட்டினால் டியூனர் சமாதானமாகிவிடும்.

முதலிடத்துக்கு இன்னொரு சாதகமும் உண்டு. டியூனரை மிதித்தால் ஒலி அடைபடும் என்றாலும், டிலேயும் ரிவெர்பும் அதற்குப் பின்னால் இருப்பதால், பாட்டின் கடைசிச் சுரம் இயல்பாகத் தேய்ந்து அடங்குகிறது. டியூனரைக் கடைசியில் வைத்தால் அந்த எதிரொலி கத்தியால் வெட்டியதுபோல் நின்றுபோகும். அதே சமயம், கெயின் (ஒலிப்பெருக்கம்) அதிகம் வைத்த இரண்டு மூன்று ஓவர்டிரைவ் பெடல்களை அணைக்காமல் விடுகிற பழக்கம் உள்ளவர்களுக்குக் கடைசி இடம் பொருந்தும். பாட்டுகளுக்கு நடுவில் தொகுப்பாளர் பேசும்போது ஸ்பீக்கரில் வருகிற ‘உஸ்’ என்ற இரைச்சலை முன்னால் இருக்கிற டியூனரால் அடக்க முடியாது.

ஒலி அடைபடுவதைப் பற்றிப் பேசும்போது என் முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் வைத்திருக்கும் பாஸ் (Boss) நிறுவனத்தின் டியூ-3 டியூனர் பெடலில் அவுட்புட், பைபாஸ் என்று இரண்டு துளைகள் இருக்கின்றன. பைபாஸ் துளையில் சொருகினால் டியூனர் இயங்கும்போதும் ஒலி வெளியே போய்க்கொண்டே இருக்கும். ஒரு கல்யாண வரவேற்புக் கச்சேரியில், அவசரமாகக் கேபிள் மாட்டியதில் அதைக் கவனிக்காமல் விட்டு, ஏசி குளிரில் சுருதி விலகிப்போன ஆறு தந்திகளையும் நிதானமாகச் சுருதி சேர்த்தேன், மண்டபம் முழுக்கக் கேட்க. மாப்பிள்ளையே திரும்பிப் பார்த்தார்.

இனி ஃபஸ் விவகாரம். டியூ-3 போன்ற பெடல்கள் அணைந்திருக்கும்போதும் உள்ளே பஃபர் என்ற ஒரு சிறு மின்சுற்று இயங்கிக்கொண்டே இருக்கும். கிட்டார் பிக்கப்பிலிருந்து வரும் மின்குறி பலவீனமானது; கேபிளின் மின்தேக்குத்திறன் மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபேரட் என்று வைத்துக்கொண்டால், ஆறு மீட்டர் கேபிள் இரண்டைக் கடப்பதற்குள் அதன் மேல்தட்டு ஒலிகள் மழுங்கிவிடும். பஃபர் அந்தக் குறியை உயர்ந்த மின்மறுப்பில் (மின்குறிக்குக் காட்டும் எதிர்ப்பு) வாங்கி, தாழ்ந்த மின்மறுப்பில் வெளியே தள்ளுவதால், அதற்குப் பின்னால் வரும் கேபிள்களின் நீளம் பெரிய பொருட்டாக இருப்பதில்லை. நீளமான போர்டு வைத்திருப்பவருக்கு இது வரம்.

ஆனால் 1966இல் வந்த ஃபஸ் ஃபேஸும் அதன் வழிவந்த பெடல்களும் கிட்டாருடன் நேரடியாகப் பேசப் பழகியவை. அவற்றின் உள்ளீட்டு மின்மறுப்பு மிகக் குறைவு என்பதால், பிக்கப்பின் கம்பிச்சுருளும் கிட்டாரின் வால்யூம் குமிழும் அந்தச் சுற்றின் ஓர் அங்கமாகவே ஆகிவிடுகின்றன. குமிழைச் சற்றுக் குறைத்ததும் ஃபஸின் முரட்டுத்தனம் அடங்கி, கண்ணாடி போன்ற தெளிந்த ஒலி வருவது இந்த உறவால்தான். நடுவில் ஒரு பஃபரை நுழைத்தால் உறவு அறுபடும். எனக்கு நேர்ந்ததும் அதுவே: குமிழை ஏழுக்குக் குறைத்தால் தெளிய வேண்டிய ஒலி தெளியவில்லை, மேல்தட்டில் தகரத்தைச் சுரண்டுவது போன்ற ஒரு கூர்மை ஒட்டிக்கொண்டிருந்தது. பெடல் பழுதென்று நினைத்து இரண்டு வாரம் பேட்டரியையும் பேட்ச் கேபிள்களையும் மாற்றிக்கொண்டிருந்தேன். ஒருநாள் டியூனரைக் கழற்றிவிட்டுக் கிட்டாரை நேராக ஃபஸில் சொருகியபோதுதான் விடை கிடைத்தது.

ட்ரூ பைபாஸ் டியூனர் வைத்திருப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. அணைந்திருக்கும்போது அது வெறும் கம்பிதான், முதலிடத்திலேயே இருக்கலாம். பாஸின் டியூ-3டபிள்யூ பெடலில் பஃபரா, ட்ரூ பைபாஸா என்று தேர்ந்தெடுக்க ஒரு சுவிட்சே உண்டு. நான் இருப்பதை வைத்துச் சமாளிப்பவன். ஆகவே என் போர்டில் ஃபஸ், அதன்பின் டியூனர், பிறகு ஓவர்டிரைவ், கோரஸ், டிலே என்று வரிசை. டியூனரின் பஃபர் அங்கிருந்து ஆம்ப் வரையுள்ள கேபிள் முழுவதையும் கவனித்துக்கொள்கிறது. இதற்கு நான் கொடுக்கும் விலை, சுருதி சேர்க்குமுன் ஃபஸ் அணைந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் குனிந்து பார்ப்பது. மறந்தால் டியூனரின் விளக்குகள் இரண்டு பக்கமும் பைத்தியம் பிடித்ததுபோல் ஓடும்.