ரெகுலேட்டர் டிரைவர் ரிவியூ: கோடுக்கு முன் டேட்டாஷீட்

பாலிடெக்னிக் முடித்து சிங்கப்பூரில் போர்டு வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். வோல்டேஜ் ரெகுலேட்டர் சிப்புக்கான லினக்ஸ் டிரைவர் பேட்ச் (கோடில் செய்யும் மாற்றம்) ரிவியூவுக்கு வந்தால், முதலில் டேட்டாஷீட்டின் (சிப் தயாரிப்பாளர் தரும் விவர ஆவணம்) ரெஜிஸ்டர் அட்டவணையைத் திறந்து வையுங்கள். இத்தகைய டிரைவர்களுக்கான பொதுக் கோடான ரெகுலேட்டர் ஃப்ரேம்வொர்க் 2008-இல் லினக்ஸின் 2.6.27 கர்னலில் சேர்ந்தது. பொதுவான வேலைகளை இன்று அதுவே பார்த்துக்கொள்கிறது. டிரைவரில் மிஞ்சுவது பெரும்பாலும் எண்கள்தான். எண் தப்பாக இருந்தால் கம்பைலர் வாயே திறக்காது.

எஃப்ஏஎன்53555 (FAN53555) என்ற பக் கன்வெர்ட்டரை, அதாவது வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் ரெகுலேட்டரைப் பாருங்கள். அதன் வோல்டேஜ் ரெஜிஸ்டரில் 0 முதல் 5 வரையுள்ள பிட்கள் வோல்டேஜுக்கு, பிட் 6 மோடுக்கு, பிட் 7 ஆன்/ஆஃபுக்கு. ஆகவே மாஸ்க் (எந்தப் பிட்களை மாற்றலாம் என்று சொல்லும் எண்) 63. அங்கே 255 என்று போட்டுவிட்டால், செலக்டர் (வோல்டேஜ் நிலையின் எண்) 40-ஐ எழுதும்போதே பிட் 7 பூஜ்யமாகிவிடும். வோல்டேஜை மாற்றத்தான் சொன்னோம், சப்ளையே நின்றுபோகும். அது சிபியுவுக்குப் போகும் லைன் என்றால், பிழைச் செய்தி கன்சோலுக்கு வருவதற்குள் போர்டு செத்துவிடும்.

அடுத்து படிகளின் எண்ணிக்கை. 600 மில்லிவோல்ட் முதல் 1300 வரை, 10 மில்லிவோல்ட் படி என்றால் மொத்தம் 71 நிலைகள். கழித்து வகுத்து 70 என்று எழுதுபவர்கள் ஏராளம். அப்படி எழுதினால் சரியாக 1.3 வோல்ட் கேட்கும்போது மட்டும் பிழை திரும்பும். உச்ச வோல்டேஜை யாரும் அடிக்கடி கேட்பதில்லை என்பதால் இது மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும்.

நான் அதிக நேரம் செலவிடச் சொல்வது ராம்ப் டிலேயில், அதாவது வோல்டேஜ் மாறும் வேகத்தைச் சொல்லும் எண்ணில். அதன் அலகு ஒரு மைக்ரோசெகண்டுக்கு எத்தனை மைக்ரோவோல்ட் என்பது. டேட்டாஷீட்டில் மைக்ரோசெகண்டுக்கு 10 மில்லிவோல்ட் என்று இருந்தால் கோடில் 10000 இருக்க வேண்டும். 0.8-இலிருந்து 1.1 வோல்டுக்கு ஏற 30 மைக்ரோசெகண்ட் போதும். அலகை மறந்து 10 என்று எழுதினால் கர்னல் 30 மில்லிசெகண்ட் காத்திருக்கும். ஒவ்வொரு முறை வேகம் கூட்டும்போதும் சிஸ்டம் இழுக்கும். எதையுமே எழுதாமல், டிவைஸ் ட்ரீயிலும் (அந்தந்தப் போர்டின் வன்பொருளை விவரிக்கும் கோப்பு) கொடுக்காமல் விட்டால் இன்னும் மோசம்: வோல்டேஜ் ஏறி முடிப்பதற்குள் கிளாக் ஏறிவிடும். சும்மா இருக்கும்வரை நன்றாக ஓடும் போர்டு லோடு ஏறியதும் தொங்கும், அதுவும் சில சமயம் மட்டும். சந்தேகம் இருந்தால் ஆஸிலோஸ்கோப்பில் அளந்து பாருங்கள். அதன் ப்ரோப்பை அவுட்புட் கெபாசிட்டரின் மேலேயே வைக்க வேண்டும். நீளமான கிரவுண்ட் வயர் ஸ்விட்சிங் இரைச்சலை அள்ளிக்கொண்டு வரும், அதற்குப் பதில் குட்டி கிரவுண்ட் ஸ்பிரிங் போதும். சிம் லிம் டவரில் ப்ரோப் வாங்கினால் அந்த ஸ்பிரிங்கும் பெட்டியில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ரெக்மேப் கேஷ் (ரெஜிஸ்டர் மதிப்புகளை நினைவில் வைத்துக்கொள்ளும் கர்னல் வசதி) போட்டிருந்தால், ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர்கள் வோலட்டைல் (ஒவ்வொரு முறையும் சிப்பிலிருந்தே படிக்க வேண்டியவை) என்று குறிக்கப்பட்டிருக்கின்றனவா? இல்லையென்றால் ஓவர்கரண்ட் வந்தாலும் டிரைவர் பழைய மதிப்பையே படித்துக்கொண்டிருக்கும். இன்டரப்ட் (சிப் அனுப்பும் அவசரச் சிக்னல்) தன்னுடையது இல்லை என்றால், அதைக் கவனிக்கும் ஹேண்ட்லர் ஃபங்ஷன் அதை அப்படியே சொல்ல வேண்டும், எல்லாவற்றையும் கையாண்டதாகச் சொல்லக்கூடாது.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்று. ப்ரோப் ஃபங்ஷனில் (அளக்கும் ப்ரோப் அல்ல, டிரைவர் சிப்புடன் இணையும்போது ஓடும் கோடு) டிரைவர் தானாக ஒரு வோல்டேஜை எழுதினால் அந்தப் பேட்சைத் திருப்பி அனுப்புங்கள். சிப்பால் என்ன முடியும் என்பதைச் சொல்வதோடு டிரைவரின் வேலை முடிந்தது. இந்தப் போர்டுக்கு எது பாதுகாப்பு என்பது டிவைஸ் ட்ரீயில் இருக்க வேண்டும். உங்கள் மேசையில் சரியாக ஓடிய 1.2 வோல்ட், வேறொருவர் போர்டில் 0.9 வோல்ட் மட்டுமே தாங்கும் சிப்பைக் கருக்கிவிடும்.

ரிவியூ கமெண்டை நம் நேரம் மாலை 4 மணிக்குள் அனுப்பினால் ஐரோப்பாவில் இருப்பவர்களுக்குக் காலையில் கிடைக்கும். அவர்களுடைய பதில் நமக்கு இரவில்தான் வரும் என்பதால், ஒரு கேள்விக்கு ஒரு நாள் போய்விடும். அதனால் ‘இந்த எண் சரியா?’ என்று மொட்டையாகக் கேட்காமல், டேட்டாஷீட்டின் பதிப்பு, பக்கம், நீங்கள் போட்ட கணக்கு, வர வேண்டிய எண் நான்கையும் ஒரே கமெண்டில் எழுதிவிடுங்கள்.