மூச்சுக்காக எடுத்த காவடி

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் மகன் மூச்சுத்திணறலால் மருத்துவமனையில் கிடந்தபோது, அவன் எழுந்து நடந்தால் நான் தைப்பூசக் காவடி எடுப்பேன் என்று என் தாயார் முருகனிடம் வேண்டிக்கொண்டார். அவர் மறைந்த பின்னர் இவ்வாண்டுதான் அந்த நேர்த்தியை நிறைவேற்றும் பேறு கிடைத்தது. பத்து நாள் விரதமிருந்து, மொரிசியஸ் தீவின் காத்ர் போர்ன் ஊரிலுள்ள கோர் தெ கார்த் மலையில் குடிகொண்ட பெருமானிடம் காவடியுடன் சென்றேன்.

மொரிசியஸில் தைப்பூசம் நடுக்கோடையில் வரும். தார்ச்சாலை அனலாய்க் கொதித்தது. எனக்கு முன்னால் ஆணிச் செருப்பில் நடந்த முதியவரைப் பார்த்துத்தான் என் கால்களைத் தேற்றிக்கொண்டேன். வழியோரம் யாரோ நிறுத்தியிருந்த வண்டியின் ஒலிபெருக்கி பதிவுப் பாட்டை அலறவிட்டதில் தவிலோசை அமுங்கிப்போயிற்று. பின்னிருந்த கூட்டமோ நெருக்கித் தள்ளியது. நாவில் அலகு இருந்ததால் என்னால் வாய்விட்டு அழைக்கவும் இயலவில்லை. கால்கள் மடங்கத் தொடங்கின.

முன்னே சென்றுகொண்டிருந்த நாகசுரக்காரர் அதைக் கண்டுவிட்டார். திரும்பி வந்து என் காதருகே நின்று, செஞ்சுருட்டி இராகத்தில் காவடிச் சிந்தை எடுத்தார். தவில்காரர் என் தளர்ந்த நடைக்கு ஏற்பத் தாளத்தைத் தணித்து, நான் ஓர் அடி வைத்ததும் ஓர் அடி கொடுத்து, சிறிது சிறிதாகக் காலத்தை உயர்த்திக்கொண்டே வந்தார். பதிவுப் பாட்டு சோர்ந்தவனுக்காக நிற்காது, அவர்கள் நின்றார்கள். என் மகனின் மூச்சுக்காக எடுத்த காவடிக்கு அந்த மனிதர் தம் மூச்சையே கொடுத்தார் என்று நினைக்கும்போது இப்போதும் கண் கலங்குகிறது.

யாழிசைப் பாணரான பாணபத்திரருக்குப் பொருள் கொடுக்குமாறு மதுரை ஆலவாய் இறைவனே சேர மன்னர் சேரமான் பெருமாளுக்குத் திருமுக ஓலை எழுதினான். தஞ்சைப் பெரிய கோயிலில் தேவாரத் திருப்பதியம் பாட 48 பேரையும், உடன் கொட்டி முழக்க இருவரையும் அமர்த்தி, அவர்களுக்கு நாள்தோறும் நெல் அளக்க ஏற்பாடு செய்தான் இராசராசன். அந்த வழியில் வந்த நம்மில் சிலர், பூவுக்கும் பந்தலுக்கும் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, மேளக்காரரிடம் மட்டும் பேரம் பேசுவது எனக்குப் பெரும் வேதனை அளிக்கிறது. அன்று வாசித்த இருவரும் மற்ற நாள்களில் தச்சு வேலை பார்த்துத்தான் குடும்பம் நடத்துகிறார்கள்.

படியேறிச் சன்னதியை அடைந்தேன். செம்பிலிருந்த பால் திரியவில்லை. திரை விலகித் தீபாராதனை எழுந்தபோது, கெட்டிமேளம் முழங்க, வேலும் மயிலுமாய் அவன் நின்ற கோலம் கண்ணீரில் மிதந்தது. அம்மாவின் பெயரை மனத்துள் சொன்னேன். அலகை எடுத்தபின் நாகசுரக்காரரைத் தேடினேன். தூணுக்குப் பின்னால், கூட்டம் மறைக்க, நாகசுரத்தின் ஊதுநாக்கான சீவாளியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“சுவாமியைப் பார்த்தீர்களா ஐயா?” என்று கேட்டேன்.

“இல்லை தம்பி, தீபம் காட்டும்போதுதானே நாங்கள் வாசிக்க வேண்டும். கூட்டம் கலைந்ததும் போய்க் கும்பிட்டுக்கொள்வோம்” என்றார்.

நானும் காத்திருந்து, அவர்களுடன் இன்னொரு முறை உள்ளே போனேன். தவில்காரர் விரல்களில் இருந்த கூடுகளைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கைகூப்பினார். விரல் நுனிகள் சிவந்து வீங்கியிருந்தன. பிறகு ஏழு கறிச் சாப்பாட்டுக்கு அவர்களை முதல் வரிசையில் உட்காரவைத்தேன். என் மகன் தண்ணீர்ச் செம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டும் சிந்தாமல் அவர்களிடம் நடந்து போனான்.